பாம்புக்கு வந்த கீரியும் அமாமித் தீவின் எலியும்



இன்றைக்கு ஓர் எலியைப் பற்றிப் பேசப் போகிறேன். எலி என்றதும் கிட்டி எங்கே, மருந்து எங்கே என்றுதான் உங்கள் கை போகும். அது நியாயம்தான். கதிர் பால் பிடிக்கிற நேரத்திலே தூரோடு அறுத்துப் போடுகிற எலிக்கு யாரும் பரிந்து பேச முடியாது. நானும் அதற்கு வரவில்லை. நான் சொல்லப் போவது வேறொரு எலி. வயல் பக்கம் தலை வைக்காத காட்டு எலி. ஜப்பான் நாட்டின் தெற்கே, கியூஷுவுக்கும் ஒகினாவாவுக்கும் நடுக்கடலில் அமாமி ஓஷிமா என்று ஒரு தீவு இருக்கிறது. உலகத்தில் அந்த ஒரு தீவில்தான் இந்த எலி உண்டு. பாம்புக்கும் வயல் எலிக்கும் என்று மனிதன் செய்த ஒரு வைத்தியத்தால் இந்த எலி அழிவின் விளிம்புக்குப் போய்விட்டது. அந்த வைத்தியத்துக்கு வேண்டிய சரக்கு போனது நம் இந்தியாவிலிருந்து. அதனால் இது நமக்கும் கொஞ்சம் சொந்தமான கதைதான்.

முதலில் தீவைப் பார்ப்போம். பரப்பளவு சுமார் 712 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி மலையும் காடும். மழைக்குக் குறைவில்லை. கருவாலி இனத்தைச் சேர்ந்த மரங்கள் அடர்ந்து நிற்கும். அவற்றின் கொட்டைகள்தான் காட்டுப் பிராணிகளுக்கு முக்கியத் தீனி. பல லட்சம் வருஷங்களுக்கு முன்பே பெருநிலத்தோடு தொடர்பு அறுந்துபோன தீவு இது. அதனால் நரி, கீரி, காட்டுப்பூனை போன்ற ஊன் தின்னும் விலங்கு எதுவும் இங்கே இயற்கையாக இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் பெரிய வேட்டைக்காரன் பாம்புதான். ஹாபு என்று பெயர். நம் விரியன் குடும்பத்தைச் சேர்ந்த கடும் விஷப்பாம்பு.

சமவெளி கொஞ்சம்தான். அதில் கரும்பு. 1609-ஆம் வருஷம் கியூஷுவில் இருந்த சாத்சுமா சிற்றரசு இந்தத் தீவுகளைப் பிடித்துக்கொண்டது. பிறகு அவர்களுக்குச் சர்க்கரையில் ருசி கண்டுவிட்டது. வரியைச் சர்க்கரையாகவே கட்டு என்றார்கள். நெல் விளைந்த நிலத்தையெல்லாம் கரும்பாக்கினார்கள். குடியானவன் தன் சோற்றுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை நம்பிக் கிடந்தான். இதெல்லாம் பழைய கதை; ஆனால் கரும்பு போகவில்லை, இன்றைக்கும் இருக்கிறது.

கரும்பு இருந்தால் எலி வரும், உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? எலி வந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும். கரும்பு வெட்டக் குனிகிறவன் கையிலும் காலிலும் ஹாபு போட்டது. விஷமுறிவு மருந்து வந்த பிறகு சாவு குறைந்தது, கடி நிற்கவில்லை. கடிபட்டுப் பிழைத்தவனுக்கும் சதை அழுகி, விரல் முடங்கிப் போவது உண்டு. பாம்பைப் பிடித்துக் கொடுத்தால் அரசாங்கம் காசு தருகிற ஏற்பாடு செய்தார்கள். அப்படியும் பாம்பு தீரவில்லை. ஆகவே அந்த ஜனங்கள் கீரியைக் கொண்டுவந்ததைக் கேலி பேசுகிற பாத்தியதை நமக்கு இல்லை. பயம் நிஜமான பயம்.

இப்போது எலிக்கு வருவோம். இதை நான் முள்மயிர் எலி என்று சொல்கிறேன். நம் தென்மாவட்டத்துத் தேரிக்காட்டில் சுருண்டு பந்தாகிக் கிடக்குமே, அந்த முள்ளெலி வேறு. அது எலிச் சாதியே இல்லை. அமாமி எலி, எலிச் சாதிதான். உடல் நீளம் 10 முதல் 16 சென்டிமீட்டர் வரை, அதாவது ஒரு சாணுக்குள். பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். மென்மயிருக்கு நடுவே விறைத்த முள் போன்ற மயிர்கள் நிற்கும். இரவில் நடமாட்டம். மரக்கொட்டையும் பூச்சியும் தின்று காட்டுத் தரையிலேயே வாழ்வு முழுக்க முடித்துக்கொள்ளும். ஹாபு பாய்ந்தால் இது ஓடாது. நின்ற இடத்திலிருந்து நேரே மேலே எகிறும். பாம்பின் கொத்து வெறுந்தரையில் விழும். காலங்காலமாகப் பாம்போடு பழகிக் கற்ற வித்தை அது.

இந்த எலியிடம் இன்னொரு அதிசயம் உண்டு. நான் விஞ்ஞானம் படித்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. பசுவுக்குச் சினை ஊசி போடும்போது கிடாரி பிறக்குமா, காளைக்கன்று பிறக்குமா என்று கேட்பீர்கள். அதைத் தீர்மானிப்பது காளையின் விந்து. விந்தணுவில் எக்ஸ் குரோமோசோம் இருந்தால் கிடாரி, ஒய் குரோமோசோம் இருந்தால் காளைக்கன்று. மனிதரிலும் அப்படித்தான். (பெண் பிறந்தால் மருமகளைத் திட்டுகிறவர்கள் இதை இன்னொரு தரம் வாசிக்கலாம்.) குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருப்பதால் மொத்த எண்ணிக்கை இரட்டைப்படையாகவே வரும். ஆனால் அமாமி எலிக்கு ஆணுக்கும் 25, பெண்ணுக்கும் 25. ஒற்றைப்படை. ஒய் குரோமோசோமே கிடையாது. இரண்டு பாலுக்கும் ஒற்றை எக்ஸ் மட்டும். 1970-களில் இதைக் கண்டபோது விஞ்ஞானிகள் திகைத்தார்கள். ஒய் இல்லாமல் ஆண் எப்படிப் பிறக்கிறது? 2022-இல்தான் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் விடை கண்டார்கள். வேறொரு குரோமோசோமில், ஆண் உறுப்பை வளர்க்கிற சாக்ஸ்-9 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு துண்டு, ஆண் எலிகளில் மட்டும் இரட்டித்து நிற்கிறது. ஒய் செய்ய வேண்டிய வேலையை அந்தத் துண்டு செய்கிறது. எலி அதற்கு முன்பே அழிந்திருந்தால் இந்தப் பாடம் நமக்குக் கிடைத்திருக்காது. அழிந்துபோக வாய்ப்பு நிறையவே இருந்தது.

1972-இல் ஜப்பான் அரசாங்கம் இந்த எலியைத் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தது. ஏழு வருஷம் கழித்து, 1979-இல், அதே தீவில் நாஸே நகரத்துக்குப் பக்கத்திலே சுமார் 30 கீரிகளை அவிழ்த்து விட்டார்கள். ஒரு கை காப்பாற்ற, மறு கை கூண்டைத் திறந்தது.

கீரி யோசனை அமாமிக்காரர்கள் மூளையில் முதலில் உதித்ததல்ல. அதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1872-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவில் எஸ்பியூட் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி, கரும்பைக் கடிக்கிற எலிக்காகக் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளைக் கப்பலில் வரவழைத்தார். நம் ஊர் வரப்பில் ஓடுகிற சாம்பல் கீரி அல்ல அது. வங்காளத்துப் பக்கம் இருக்கிற சிறு கீரி. கொஞ்ச காலத்தில் எலி குறைந்தது, கரும்பு பிழைத்தது என்று எஸ்பியூட் எழுதினார். அதை நம்பி மற்றத் தீவுக்காரர்களும் கீரி வாங்கினார்கள். 1883-இல் ஜமைக்காவிலிருந்து ஹவாய்த் தீவுக்கும் போயிற்று. அதற்குள் ஜமைக்காவில் கீரி கோழியையும் பறவை முட்டையையும் பல்லி ஓணானையும் தின்று தீர்க்கத் தொடங்கிவிட்டது. நல்ல செய்தி கப்பல் வேகத்தில் போனது. கெட்ட செய்தி பின்னால் நடந்து வந்தது.

ஜப்பானுக்குக் கீரியைக் கொண்டுவந்தவர் சாதாரண ஆள் இல்லை. வத்தாஸே ஷோஸாபுரோ என்கிற விலங்கியல் பேராசிரியர், டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 1910-இல் கங்கை நதி முகத்துவாரப் பகுதியிலிருந்து பிடித்த கீரிகளில் பதினைந்துக்கு முன்பின்னாக ஒகினாவாவில் விட்டார். ஹாபுவும் எலியும் ஒழியும் என்று எதிர்பார்ப்பு. கீரியும் பாம்பும் ஜென்மப் பகை என்று நம் நாட்டில் குழந்தைக்கும் தெரியும். அந்தப் புகழ்தான் கடல் தாண்டிப் போனது. ஒகினாவாவில் பின்னாளில் கீரியையும் ஹாபுவையும் ஒரே கூண்டில் விட்டுச் சண்டை காட்டி, சுற்றுலாக்காரர்களிடம் காசு வாங்கினார்கள். கூண்டுக்குள் கீரி ஜெயித்தது.

காட்டில் நடந்தது வேறு. ஹாபு இரவில் இரை தேடும். கீரி பகலில் மேயும். ஒருவர் வேலைக்குப் போகும் நேரத்தில் மற்றவர் தூங்குகிறார். சந்தித்தால்தானே சண்டை? அமாமியில் கீரியின் எச்சத்தையும் வயிற்றையும் சோதித்தார்கள். பூச்சி இருந்தது, தவளை, பல்லி, பறவை இருந்தது. அந்தத் தீவுக்கே உரிய கறுப்பு முயலும் நம் முள்மயிர் எலியும் இருந்தன. ஹாபு மிக அபூர்வம். பசித்தவன் கைக்கு எட்டுகிறதைத்தான் தின்பான். இலைச்சருகில் கிடைக்கிற சுலபமான இரையை விட்டுவிட்டு விஷப்பாம்போடு கீரி ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

எலியின் வித்தை கீரியிடம் செல்லவில்லை. பாம்பு ஒளிந்திருந்து ஒரு கொத்து கொத்தும். தவறினால் பெரும்பாலும் அதோடு சரி. எலி எகிறித் தப்பலாம். கீரி அப்படியில்லை. மோப்பம் பிடித்து, சருகைக் கிளறி, பொந்து பொந்தாகத் தலையை விட்டுத் துழாவும், துரத்தும். காலங்காலமாக நாலுகால் வேட்டைக்காரனையே பார்த்தறியாத பிராணி என்ன செய்யும்? கீரி விட்ட இடத்தைச் சுற்றி, வருஷத்துக்கு வருஷம் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. வட்டத்துக்குள் முள்மயிர் எலி காணாமற்போனது, முயலும் பெரிய தவளைகளும் அப்படியே. கீரி எட்டாத ஓரங்களில் மட்டும் மிச்சம் இருந்தன. முப்பது கீரி 2000-ஆம் ஆண்டு வாக்கில் சுமார் 10,000 ஆகிவிட்டது. நாஸேக்காரர்களின் கோழிக்கூண்டும் தோட்டத்துக் காய்கனியும் தப்பவில்லை. பாம்பைத் தின்னக் கூப்பிட்ட கீரிக்கே 1993-இல் பயிர்ப் பகை என்று பெயர் வைத்துப் பொறி வைத்தார்கள்.

இந்தக் கதையில் விவசாயி கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அமாமியில் முள்மயிர் எலியோடு கறுப்பு எலியும் உண்டு. நம் பரணில் ஓடுகிற வீட்டெலியின் கூட்டத்தைச் சேர்ந்தது, மனிதனோடு வந்து ஒட்டிக்கொண்டது, கரும்புக்கும் பழத்துக்கும் உண்மையான எதிரி. பின்னால் பல வருஷப் பொறிக் கணக்கை வைத்து ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கீரி அதிகமான இடத்தில் முள்மயிர் எலி குறைந்தது. கறுப்பு எலியோ கீரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அதே மாதிரிதான். கீரி எத்தனையைத் தின்றாலும் குட்டி போட்டு ஈடு கட்டிவிடும்; தின்ன வருகிறவனிடமிருந்து தப்பவும் அதற்குத் தெரியும். எந்த எலியை ஒழிக்க வேண்டுமென்று விரும்பினார்களோ அது தப்பித்தது. யாருக்கும் ஒரு மணி தானியம் நஷ்டம் செய்யாத எலி செத்தது.

வெளியிலிருந்து உதவிப் பிராணி கொண்டுவருவதே தப்பு என்று நான் சொல்கிறேனா? இல்லை. பப்பாளியிலும் மரவள்ளியிலும் மல்பெரியிலும் மாவுப்பூச்சி பஞ்சு பஞ்சாக அப்பி, தோட்டம் தோட்டமாகப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு பொட்டு ஒட்டுண்ணிக் குளவி வந்தது, அசெரோஃபேகஸ் பப்பாயே என்று பெயர். அது பப்பாளி மாவுப்பூச்சியின் உடம்பில்தான் முட்டையிடும், வேறு வழியில் பிழைக்கத் தெரியாது. அதைத் தனியே அடைத்து வைத்துச் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். கீரியோ எதையும் தின்னும். ஒரே தீனியில் பிழைக்கிறதுக்கும் கண்டதையெல்லாம் தின்கிறதுக்கும் உள்ள வித்தியாசத்தை 1910-இல் கேட்க ஆளில்லை என்று வைத்துக்கொள்வோம். 1979-இல் ஒகினாவாவின் அனுபவம் பக்கத்திலேயே, எழுபது வருஷமாகக் கண்முன் இருந்தது.

காடு வெட்டியதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், பழி முழுவதும் கீரி தலையில் விழக்கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நிர்வாகத்தில் இருந்த அமாமி, 1953 டிசம்பரில் ஜப்பானோடு திரும்பச் சேர்ந்தது. அதற்குப் பிறகு காகிதக் கூழுக்காக முதிர்ந்த மரங்களை ஏராளமாக வெட்டினார்கள். கொட்டை தருகிற கிழமரம் போய் இளங்காடு நின்றது. எலிக்குத் தீனியும் குறைந்தது, ஒண்டுகிற இடமும் குறைந்தது. கீரி வந்தது அந்த நிலையில்.

இனி, அவிழ்த்து விட்டதைக் கட்டிய கதை. 2000-ஆம் ஆண்டு அரசாங்கம் முழு வீச்சில் இறங்கியது. முதலில் தலைக்கு இவ்வளவு என்று காசு. நம் ஊரில் எலி வாலுக்குக் காசு கொடுத்த மாதிரி. ஜனங்கள் உற்சாகமாகப் பிடித்தார்கள், ஆயிரக்கணக்கில் பிடிபட்டது. கீரி குறையக் குறைய ஒரு நாள் முழுக்க மலையில் அலைந்தாலும் ஒன்று கிடைக்கவில்லை. கூலிக்குக் கட்டாது என்று ஆட்கள் நின்றுவிட்டார்கள். தலைக் காசில் இதுதான் சங்கடம்: நிறைய இருக்கும்போது பிடிக்க ஆள் உண்டு, கடைசி நூறைப் பிடிக்க ஆள் கிடையாது. கடைசி நூறை விட்டால் பத்து வருஷத்தில் பழையபடி ஆகிவிடும்.

ஆகவே 2005-இல், வெளிநாட்டுப் பிராணிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்த கையோடு, மாதச் சம்பளத்துக்கு ஒரு படை அமைத்தார்கள். அமாமி கீரிப்படை என்று சொல்லலாம். நாற்பது பேர் வரை இருந்தார்கள். தீவு முழுக்க சுமார் 30,000 பொறிகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர், வரைபடத்தில் புள்ளி. மழையிலும், ஹாபு கிடக்கிற சரிவிலும் இறங்கி ஏறிப் பார்த்துவர வேண்டும். மோப்ப நாய்களைப் பழக்கினார்கள். தானியங்கிக் காமிராக்களை மரத்தில் கட்டினார்கள்.

இதிலும் ஒரு சிக்கல், கேளுங்கள். கீரிக்கு வைத்த உருளைப் பொறியில் முள்மயிர் எலியும் நுழைந்து செத்தது! காப்பாற்ற வைத்த பொறியே கொன்றது. எலி நிறைய மிஞ்சிய பகுதிகளில் உயிரோடு பிடிக்கிற கூண்டு வைத்து, தினம் போய்ப் பார்த்து, எலி இருந்தால் திறந்து விட்டார்கள். கொல்லும் பொறியிலும் மாற்றங்கள் செய்தார்கள். கூலி ஏறியது, வேலை மெதுவானது. அவசரக்காரனுக்கு ஆகாத வேலை அது. ஆனால் அந்தப் பொறிகளே ஒரு நல்ல சேதியையும் கொண்டுவந்தன. பல வருஷமாக எலியே தட்டுப்படாத இடங்களில், கீரி குறைந்த பின் மெல்ல மெல்ல எலி அகப்பட ஆரம்பித்தது. எலி எங்கே திரும்பி வந்திருக்கிறது என்று காட்டியது பொறிதான்.

கடைசிக் கீரி பிடிபட்டது 2018 ஏப்ரலில். அதோடு முடிந்தது என்று பொறியைச் சுருட்டிவிடவில்லை. இன்னும் ஆறு வருஷம் நாயையும் காமிராவையும் விட்டுத் தேடிக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு, 2024 செப்டம்பர் 3-ஆம் தேதி, அமாமியில் கீரி ஒழிந்தது என்று ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. மொத்தம் பிடித்தது சுமார் 32,000. நிலைத்துப் பெருகிவிட்ட கீரியை இவ்வளவு பெரிய தீவிலிருந்து முற்றாக ஒழித்தது வேறெங்கும் நடந்ததில்லை. முப்பது கீரியை ஒரே நாளில் கூண்டைத் திறந்து விட்டுவிடலாம். திரும்பப் பிடிக்க, முழு வீச்சில் இறங்கிய நாளிலிருந்து எண்ணினாலே, கால் நூற்றாண்டு ஆயிற்று.

2017-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாயிற்று. 2021 ஜூலையில் அமாமி, தோக்குனோஷிமா, ஒகினாவாவின் வடபகுதி, இரியோமோத்தே ஆகிய தீவுப்பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாகச் சேர்த்தது. முள்மயிர் எலி அமாமிக் காட்டில் பரவலாகத் தென்படுகிறது. ஆனாலும் உலகப் பட்டியலில் அது அழியும் ஆபத்தில் உள்ள இனம்தான். ஒரே தீவை நம்பி இருக்கிற உயிருக்கு வேறு போக்கிடம் இல்லை. கீரி போன இடத்தில் இப்போது பூனை. வீட்டில் வளர்த்துக் காட்டோரம் விட்ட பூனை காட்டுக்குள் போய்க் குட்டி போட்டு, முயலையும் எலியையும் வேட்டையாடுகிறது. 2018-இலிருந்து அவற்றைப் பிடித்து, வளர்க்க முன்வருகிறவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். கீரியை ஒழிக்கும்போது ஊரார் எதிர்க்கவில்லை. பூனை என்றால் பாசமும் தகராறும் சேர்ந்தே வருகிறது.

இந்த எலிக்கு இரண்டு பங்காளிகள் உண்டு. பக்கத்துத் தோக்குனோஷிமாவில் ஒன்று. அதற்கு 45 குரோமோசோம், அதற்கும் ஒய் இல்லை. 2006-இல்தான் அதைத் தனி இனமென்று பெயரிட்டார்கள். அந்தத் தீவில் கீரியை விடவில்லை, தொந்தரவு பூனையால்தான். மற்றது ஒகினாவாவில். அதற்கு மட்டும் ஒய் குரோமோசோம் இருக்கிறது. மூன்றிலும் அதிக ஆபத்தில் இருப்பது அதுதான். சுமார் முப்பது வருஷம் யார் கைக்கும் அகப்படாமல், போய்விட்டது என்றே பலர் நினைத்திருந்தபோது, 2008-இல் தீவின் வடகோடிக் காட்டில் உயிரோடு பிடிபட்டது. 1910-இல் வத்தாஸே விட்ட கீரியின் வாரிசுகள் அந்தத் தீவின் தென்பாதியில் இன்னும் இருக்கின்றன. அவை வடக்கே ஏறாதபடி தீவின் குறுக்கே, இந்தக் கடலோரத்திலிருந்து அந்தக் கடலோரம் வரை வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்கு வடக்கே பொறிக்காரர்கள் இன்றைக்கும் மலை ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.